பயந்தவர்களுக்கும் இடம் கொடுக்கும் புத்தகம்: ஜான் லூயிஸின் ‘மார்ச்’

தலைவர்களின் வாழ்க்கை வரலாறு என்றாலே எனக்குக் கொஞ்சம் ஒவ்வாமை. முதல் அத்தியாயத்திலேயே குழந்தை அநியாயத்தைத் தட்டிக் கேட்க ஆரம்பித்துவிடும். பத்து வயதில் வாத்தியாரை மடக்கும். ஐம்பதாம் பக்கத்தில் ஊரே பின்னால் திரண்டு நிற்கும். படிக்கிற நமக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மூடி வைப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது. ‘மார்ச்’ தொகுதியைக்கூட சித்திரக்கதை என்ற ஆசையில்தான் வாங்கினேன். ஜான் லூயிஸ் யார் என்பது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும்.

மொத்தம் மூன்று புத்தகங்கள். 2013, 2015, 2016 என்று இடைவெளி விட்டு வந்தவை. இப்போது மூன்றையும் சேர்த்து ஒரே பெட்டியாகவும் விற்கிறார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் முன்னணியில் நின்று, பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான லூயிஸ் தன் கதையைச் சொல்ல, அவர் அலுவலகத்தில் வேலை பார்த்த ஆண்ட்ரூ அய்டின் சேர்ந்து எழுத, நேட் பவல் வரைந்திருக்கிறார். முழுக்கக் கறுப்பு வெள்ளை. மூன்றாவது பகுதிக்கு 2016ல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது கிடைத்தது.

கதை 1965 மார்ச் 7 அன்று, அலபாமா மாநிலம் செல்மாவில் ஒரு பாலத்தின் மேல் தொடங்குகிறது. எதிரே போலீஸ் படை, கீழே ஆறு. வாக்குரிமை கேட்டுப் போகும் ஊர்வலத்தின் முன்வரிசையில் நிற்கும் இருவரில் ஒருவர் மற்றவரிடம் நீச்சல் தெரியுமா என்று கேட்கிறார். இரண்டு பேருக்குமே தெரியாது. இங்கேயே எனக்குப் புத்தகம் பிடித்துவிட்டது. அப்புறம் கதை பின்னால் போய், கோழிகளுக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருந்த பண்ணைச் சிறுவனிடம் வருகிறது. அந்தக் கோழிப் பக்கங்களைப் பலரும் சிலாகிப்பார்கள். எனக்கு அதைவிட அடுத்து வரும் பயணம்தான் முக்கியமாகப் பட்டது. 1951ல், பதினோரு வயதுப் பையனைத் தாய்மாமா ஓட்டிஸ் காரில் வடக்கே பஃபலோவுக்கு அழைத்துப் போகிறார். தென்மாநிலங்களைத் தாண்டும் வரை எந்த உணவகத்திலும் நுழைய முடியாது என்பதால் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகிறார்கள். எந்த பெட்ரோல் பங்கில் கறுப்பர்களுக்குக் கழிப்பறை உண்டு, எங்கே வண்டியை நிறுத்தவே கூடாது என்பதெல்லாம் மாமாவுக்கு அத்துப்படி. யாரும் யாரையும் அடிப்பதில்லை, திட்டுவதுகூட இல்லை. ஆனாலும் மாமா நிம்மதியாக மூச்சு விடுவது எல்லை தாண்டிய பிறகுதான்.

என் பார்வையை முதலில் அசைத்த இடம் ட்ராய் கல்லூரி விவகாரம். வெள்ளையர் மட்டுமே படித்த அந்தக் கல்லூரிக்கு லூயிஸ் விண்ணப்பிக்கிறார், பதிலே வரவில்லை. மார்ட்டின் லூதர் கிங்குக்குக் கடிதம் எழுதுகிறார். 1958ல் கிங் அவரை மான்ட்கமரிக்கு வரவழைத்து, வழக்குப் போடலாம், நாங்கள் துணை நிற்கிறோம் என்கிறார். ஆனால் பையனுக்கு அப்போது பதினெட்டு வயது, பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். குத்தகை விவசாயிகளாக இருந்து, 300 டாலர் சேர்த்து 110 ஏக்கர் நிலம் வாங்கியவர்கள் அவர்கள். நிலம் போகும், வீட்டில் குண்டு விழும், அக்கம்பக்கத்துக்கும் ஆபத்து என்று பயந்து வேண்டாம் என்கிறார்கள். லூயிஸும் சரி என்று கேட்டுக்கொண்டு நாஷ்வில்லில் படித்துக்கொண்டிருந்த இறையியல் கல்லூரிக்கே திரும்பிவிடுகிறார்.

நான் படித்த மற்ற வரலாறுகளாக இருந்திருந்தால் இந்த அப்பா அம்மாவைக் கோழைகளாகக் காட்டியிருப்பார்கள், அல்லது அந்தப் பக்கத்தையே விட்டிருப்பார்கள். ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று ஒதுங்குகிறவர்கள் மேல் எனக்கும் ஒரு இளக்காரம் இருந்தது. இங்கே அந்தப் பயத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு தெரிகிறது. அவர்கள் எதை இழப்பார்கள் என்று ஏக்கர் கணக்கில் தெரிந்த பிறகு இளக்காரம் செய்ய வாய் வரவில்லை.

அடுத்தது நாஷ்வில் பயிற்சி. அகிம்சை என்பது சிலருக்கு வாய்த்த குணம், கிங்குக்கு இருந்தது, காந்திக்கு இருந்தது, நமக்கு மூக்கு மேல் கோபம் வரும் என்றுதான் நினைத்திருந்தேன். இந்தியாவில் சில ஆண்டுகள் தங்கி காந்தியின் வழிகளைக் கற்றுத் திரும்பிய ஜேம்ஸ் லாசன், ஒரு தேவாலயத்தில் மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். வகுப்பு என்றால் சொற்பொழிவு மட்டும் இல்லை, ஒத்திகை. ஒருவர் நாற்காலியில் உட்கார வேண்டும், கூடப் படிக்கிற நண்பர்களே சுற்றி நின்று இனவெறி வசவுகளால் திட்டுவார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், நாற்காலியை இழுத்துத் தள்ளுவார்கள். விழுந்தால் தலையை எப்படிக் காத்துக்கொள்வது, அடிக்கிறவன் கண்ணை எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் பாடம். பவலின் தூரிகை இந்தப் பக்கங்களில்தான் உச்சத்துக்குப் போகிறது. திட்டும் நண்பன் முகத்தில் நடிப்பு எங்கே முடிகிறது என்று தெரியாது.

அப்புறம் அந்த விதிமுறைத் தாள். 1960 பிப்ரவரியில், வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறிய கடைகளின் உணவுக் கவுண்டர்களில் போய் உட்கார்ந்து போராடப் போகும் மாணவர்களுக்காக லூயிஸ் எழுதித் தட்டச்சு செய்து கொடுத்தது. திருப்பி அடிக்காதே, திட்டாதே, உரக்கச் சிரிக்காதே, நிமிர்ந்து உட்கார், கவுண்டரைப் பார்த்தே இரு, கடை வாசலை மறிக்காதே, தலைவர் சொல்லாமல் இடத்தை விட்டு எழுந்திருக்காதே. பள்ளிச் சுற்றறிக்கை மாதிரி வறண்டு கிடக்கிறது. ஆனால் அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தவர்கள்தான் கூட்டம் கூட்டமாகக் கைதானார்கள். ஜாமீன் தொகையை 100 டாலரிலிருந்து 5 டாலராகக் குறைத்தும், கட்ட மாட்டோம் என்று உள்ளேயே உட்கார்ந்தார்கள். மே மாதம் நாஷ்வில் நகர மையக் கடைகள் கறுப்பர்களுக்கு உணவு பரிமாறத் தொடங்கின. தைரியம் தானாக வருவது என்று நம்பியிருந்த எனக்கு, அதை வாராவாரம் பயிற்சி செய்ய முடியும் என்பது பெரிய செய்தி. அடிக்கிறவனிடம் அன்பைக் கண்டுபிடிப்பதுதான் மிகக் கடினமான பாடம் என்கிறார் லூயிஸ். அது இன்னும் எனக்கு எட்டவில்லை. என் பதிமூன்று வயது மகளுக்கு அந்த இடத்தில் கோபமே வந்தது: “திருப்பி ஒண்ணு வச்சிருக்கலாம்ல?”

இரண்டாம் பகுதியில் ஒரு காட்சி. நாஷ்வில்லில் ஒரு துரித உணவகத்தில் லூயிஸும் சக போராளி ஜேம்ஸ் பெவலும் உட்கார்ந்திருக்கிறார்கள். மேலாளர் கதவைப் பூட்டிவிட்டுப் பூச்சி மருந்துப் புகையைத் திறந்துவிடுகிறார். பக்கங்கள் கொஞ்சம் கொஞ்சமாக இருள்கின்றன. வசனம் தேவைப்படவே இல்லை.

1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன் பேரணி. கிங்கின் உரையை எல்லோருக்கும் தெரியும். இருபத்து மூன்று வயது லூயிஸின் உரையைச் சுற்றி நடந்த இழுபறி எனக்குப் புதிது. உரை மிகக் காட்டமாக இருக்கிறது, மாற்றாவிட்டால் மேடை ஏற மாட்டேன் என்கிறார் தொடக்கப் பிரார்த்தனை செய்யவிருந்த கத்தோலிக்கப் பேராயர். லூயிஸ் மசியவில்லை. கடைசியில் பேரணியின் மூத்த தலைவர், எழுபது தாண்டிய ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் வந்து, இந்த நாளுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன், கெடுத்துவிடாதே என்று மன்றாடுகிறார். லிங்கன் நினைவகத்தின் உள்ளேயே தட்டச்சுப் பொறியை வைத்து வரிகளை மாற்றுகிறார்கள். விட்டுக்கொடுத்தது சரியா? படித்து முடித்தும் என்னால் முடிவுக்கு வர முடியவில்லை. அதுவே புத்தகத்தின் நேர்மைக்குச் சான்று என்று எடுத்துக்கொள்கிறேன்.

குறைகளும் உண்டு. அமைப்புகளின் சுருக்கப் பெயர்கள் சரமாரியாக வரும். எஸ்.என்.சி.சி. (லூயிஸ் தலைவராக இருந்த மாணவர் அமைப்பு), எஸ்.சி.எல்.சி. (கிங்கின் அமைப்பு), கோர் (இன்னொரு உரிமை அமைப்பு) எல்லாம் யார், யாருக்கு யாரோடு மனத்தாங்கல் என்பதை நான் தனித் தாளில் குறித்துக்கொண்டுதான் மூன்றாம் பகுதியைத் தாண்டினேன். பவல் முணுமுணுப்புகளைப் பொடி எழுத்தில் வரைகிறார், கைபேசித் திரையில் ஒன்றும் தெரியாது. அச்சுப் புத்தகமே வாங்குங்கள். 2009 ஜனவரியில் ஒபாமா பதவியேற்ற நாளை இடையிடையே கொண்டுவருவது எனக்குச் சலித்தது, எல்லாம் நல்லபடியாக முடிந்தது போன்ற ஒரு தொனி. ஆனால் முதல் பகுதி வெளிவந்தது 2013 ஆகஸ்டில். அதற்கு முந்தைய ஜூனில்தான், அந்தச் செல்மா பாலத்தில் போலீஸ் அடியில் லூயிஸின் மண்டை உடைந்து பெற்ற வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான பல்லை அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிடுங்கியது. எந்தெந்த மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும் என்று நிர்ணயித்த பிரிவு செல்லாது என்றார்கள். இதைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்தப் பதவியேற்புப் பக்கங்கள் வேறு மாதிரித் தெரிகின்றன.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? பன்னிரண்டு, பதிமூன்று வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. இனவெறி வசவுகளை மழுப்பாமல் அப்படியே போட்டிருக்கிறார்கள். மூன்றாம் பகுதி பர்மிங்ஹாம் தேவாலயக் குண்டுவெடிப்பில், நான்கு சிறுமிகளின் சாவில் தொடங்குகிறது. பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

ஒன்று மட்டும் வாங்குவதென்றால் முதல் பகுதி போதும், பயிற்சியும் விதிமுறைத் தாளும் அதில்தான் இருக்கின்றன. ஆனால் 1965 ஆகஸ்டில் சட்டம் கையெழுத்தாவதோடு மூன்றாம் பகுதி நின்றுவிடுவது எனக்குக் குறையாகவே இருக்கிறது. அடுத்த ஆண்டே லூயிஸின் சொந்த அமைப்பான எஸ்.என்.சி.சி. அவரைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கிவிட்டு ஸ்டோக்லி கார்மைக்கேலைத் தேர்ந்தெடுத்தது. ஜெயித்த கதையைவிட அதைத்தான் நான் படிக்க ஆசைப்படுகிறேன். அவர் இறந்த மறு ஆண்டு, 2021ல் வெளிவந்த ‘ரன்’ அந்தக் காலத்தைச் சொல்கிறது. வாங்கிவிட்டேன், மகள் முதலில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.