காலிப்பர் சீல் கிட்: எந்தச் சில்லு இறுக்கத்துக்குச் சரிவரும்?

ஹட்டன், நுவரெலியா மழையிலும் இறக்கத்திலும் ஓடும் பைக்கின் முன் சில்லு இறுகினால் உடனே டிஸ்க் பிரேக்கின் காலிப்பருக்கான (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) இந்த ரப்பர் சீல் கிட்டை வாங்கிவிடாதீர்கள். இறுகியிருக்கும்போதே காலிப்பரில் பிரேக் எண்ணெயை வெளியே விடும் திருகான பிளீடர் நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். சில்லின் இறுக்கம் சட்டென விட்டால் எண்ணெய் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் பிரேக் பிடியருகே எண்ணெயை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் ஊசித்துளை அடைப்புத்தான். அதற்குக் கிட் உதவாது.

விடவில்லையா, காலிப்பரைக் கழற்றிவிட்டுச் சில்லைச் சுற்றுங்கள். அப்போதும் கரகரத்தால் கோளாறு சில்லின் பேரிங்கில். லேசாகச் சுற்றினால் மட்டுமே கிட்டுக்கு வேலை: இரண்டு சீல், ஸ்லைடு பின் பூட் (காலிப்பர் நகரும் ஊசியின் ரப்பர் உறை), கிரீஸ் பொட்டலம். பிரேக் பேடைத் தள்ளும் பிஸ்டனைப் பின்னிழுப்பதே சதுர வெட்டுமுகமுள்ள சீல்தான். அதன் பள்ளத்தில் படிந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டாமல் புதியதைப் போட்டால் திரும்பவும் இறுகும். பிஸ்டனில் துருக்குழி இருந்தால் அதையும் மாற்றத்தான் வேண்டும்.

சிலிக்கோன் கிரீஸ் தருவது பெரிய நல்லது. சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். டொட் 4 பிரேக் எண்ணெய் தனியாக வாங்குங்கள்.