ஒரே பாதையில் ஏழு குளிர்காலம்

ஏழு குளிர்காலமாக ஒரே மையத்துக்குத்தான் போய்வருகிறேன். ஸ்கீ என்ற நீளப் பலகைகளைக் காலில் மாட்டிப் பனியில் உந்திப்போகும் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்கும், புதையாமலிருக்கப் பூட்ஸின் அடியில் அகலச் சட்டம் கட்டி நடக்கும் ஸ்னோஷூ நடையும் மட்டும்தான் அங்கே. லிஃப்ட் கிடையாது; ஏற்றமானாலும் இறக்கமானாலும் நம் கால்தான்.

முதல் இரண்டு வருடம், காலையில் அவர்கள் போடும் பாதை நிலவரத்தை நம்பிக் கிளம்புவேன். "தடம் போட்டாயிற்று, நிலை நன்று" என்றிருக்கும். ஒரு நாள் வெண்ணெயாக வழுக்கும். இன்னொரு நாள் அதே "நன்று" கண்ணாடித் தரையாகக் கிடக்கும். பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எத்தனை மணிக்குத் தடம் போடும் இயந்திரம் போனது, அதற்கப்புறம் குளிர் ஏறியதா இறங்கியதா, இந்த இரண்டும் தெரியாமல் அந்த "நன்று"க்கு அர்த்தமே இல்லை.

இயந்திரம் பனியைக் கிளறி, நொறுக்கி, அழுத்திவிட்டுப் போகிறது. உடனே ஏறினால் மாவில் கால் வைத்தது போலப் புதையும். நொறுங்கிய துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகச் சில மணி நேரம் வேண்டும். முன்னிரவில் போட்ட தடம் குளிரில் கிடந்தால், காலையில் செதுக்கி வைத்தது போல நிற்கும். இங்கே பெரும்பாலும் இரவில்தான் போடுகிறார்கள். அதற்கு முழு மதிப்பெண். விடிய விடியப் பனி கொட்டினால் மட்டும் வண்டி காலையில் வரும். அன்றைக்கு அவசரப்படாமல் முற்பகலில்தான் போவேன்.

இரண்டு ஸ்கீயையும் நேராக முன்னும் பின்னும் நகர்த்திப் போகும் கிளாசிக் முறைக்கு உழவுச் சால் போல இரண்டு இணையான பள்ளங்கள். பக்கத்திலேயே, ஸ்கீயைப் பக்கவாட்டில் உந்திப் போகும் ஸ்கேட்டிங்குக்கு, சீப்பால் வாரிவிட்டது போன்ற அகலப் பட்டை. அந்தப் பட்டை சற்றுப் பிந்தி வந்தது. 1982இல் அமெரிக்க வீரர் பில் கோக் ஒரு காலைச் சாலுக்கு வெளியே உந்தி உந்தி உலகக் கோப்பையை வென்றார். அப்புறம் எல்லாரும் அப்படியே உந்த ஆரம்பிக்க, சில வருடங்களில் போட்டிகளையே இரண்டு முறைகளாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. மையங்களுக்குப் பாதையை அகலப்படுத்தும் வேலை வந்து சேர்ந்தது. இங்கே காட்டுக்குள் போகும் சுற்று குறுகலானது, கிளாசிக் சால் மட்டும்தான். ஸ்கேட்டிங்காரர்கள் முணுமுணுப்பார்கள். எனக்கோ அதுதான் பிடித்த சுற்று. மர நிழல் இருப்பதால் திறந்தவெளி இளகிப்போன பிறகும் அங்கே பனி பல நாள் தாங்கும்.

நிழலுக்கும் ஒரு விலை உண்டு. காற்றடித்த மறுநாள் ஊசியிலையும் பட்டைத் துணுக்கும் சாலுக்குள் நிறைந்து கிடக்கும். கருத்த குப்பை வெயிலை இழுத்துத் தன்னைச் சுற்றியுள்ள பனியைக் கரைக்கும், பிடிப்புக்காக ஸ்கீயின் அடியில் தேய்க்கும் மெழுகிலும் அப்பிக்கொள்ளும். காலை நிலவரத்தில் இதைப் பற்றி ஒரு வரி வந்து நான் பார்த்ததே இல்லை.

என்னுடைய உண்மையான மனக்குறை ஒரு வளைவு. இறக்கத்தின் முடிவில் சட்டென்று இடப்பக்கம் திரும்பும். அப்படிப்பட்ட இடத்தில் சால் போடாமல் தரையைச் சமமாக விட வேண்டும். ஸ்கீ பள்ளத்தில் மாட்டிக்கொண்டால் வேகத்தைக் குறைக்க வழியில்லை. இங்கே வளைவு முழுக்கச் சால் போட்டிருந்தார்கள். மூன்றாவது வருடம் அதில் மாட்டி விழுந்து ஒரு வாரம் தோளைத் தூக்க முடியவில்லை. இரண்டு முறை சொன்ன பிறகு அங்கே சால் போடுவதை நிறுத்தினார்கள். இப்போது எல்லாரும் அங்கே ஸ்கீகளின் முன்முனைகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்து பிரேக் போடுகிறார்கள். மதியத்துக்குள் மேல்பனி வழித்தெடுக்கப்பட்டு அடிப்பனி பளபளக்கிறது. சால் இருந்ததைவிட இது மேல், அவ்வளவுதான்.

வெப்பநிலை விஷயத்தில் புதியவர்கள் ஏமாறுவது பூஜ்ஜியத்தில். கடுங்குளிர்தான் மோசம் என்று நினைப்பார்கள். மைனஸ் 20இல் பனி மணல் போல உரசும், வேகம் வராது, ஆனால் பிடிப்பு பிரமாதமாக இருக்கும். பூஜ்ஜியத்தை ஒட்டிப் புதுப்பனி விழுந்தால்தான் பாடு: நிழலில் வழுக்கிவிடும், வெயிலில் ஸ்கீயின் அடியில் கட்டி கட்டியாக ஒட்டும். எந்த மெழுகைத் தேய்த்தாலும் பாதி வழிக்குத்தான் சரி. இப்போது அந்த நாட்களுக்கென்று, மெழுகுக்குப் பதிலாகப் பிடிப்புக்கு அடியில் ரோமப்பட்டை ஒட்டிய ஸ்கீயை எடுத்துப் போகிறேன். குளிர்காலக் கடைசியில் கதை வேறு. பகலில் உருகி இரவில் உறைந்து பனி கல் உப்பாகிவிடும். காலையில் பனிக்கட்டி, நடுவில் ஒரு மணி நேரம் சொர்க்கம், மதியம் கஞ்சி. அந்த ஒரு மணி நேரத்தைப் பிடிக்கத்தான் முந்தின இரவு எத்தனை டிகிரி என்று பார்க்கிறேன்.

ஸ்னோஷூ பாதைகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இயந்திரம் போகாது, நடப்பவர்களின் கால்தான் இயந்திரம். புதுப்பனி விழுந்து இரண்டு நாள் கழித்துப் போனால் நன்றாக மிதிபட்டு இறுகியிருக்கும். ஒரே தொல்லை, வெறும் பூட்ஸோடு வருபவர்கள். முழங்கால்வரை புதைந்து புதைந்து நடந்துவிட்டுப் போவார்கள். அந்தக் குழிகள் இரவில் உறைந்தால் அடுத்து வருபவரின் கணுக்காலுக்கு ஆபத்து.

ஸ்னோஷூகாரர்கள் ஸ்கீ சால்களை மிதிப்பதாகப் புகார் அடிக்கடி எழும். இரண்டும் செய்கிறவன் என்பதால் சொல்கிறேன், பாதித் தப்பு வழிகாட்டிப் பலகையில். இரு பாதைகளும் குறுக்கிடும் இடத்தில் அம்புக்குறி ஒரு மரத்துக்குப் பின்னால் இருக்கிறது. சால்களை மிதித்துக்கொண்டு முந்நூறு அடி போன பிறகுதான் தப்பான வழி என்றே தெரியும். நானும் ஒரு முறை போயிருக்கிறேன்.

போன பருவத்திலிருந்து நிலவரத்தில் இயந்திரம் கிளம்பிய நேரத்தையும் போடுகிறார்கள். பலகை இன்னும் அதே மரத்துக்குப் பின்னால்தான்.