ஒரே சீட், இரண்டு உயரம்: மெத்தையா, லீவரா, ஸ்டீயரிங்கா?

எங்கள் வீட்டில் கார் ஒன்று, ஓட்டுவோர் இருவர். என் உயரம் 5 அடி 11 அங்குலம். மனைவிக்கு 5 அடியும் ஓர் அங்குலமும். அவர் ஓட்டிவிட்டு நிறுத்திய வண்டியில் நான் ஏறினால் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கும். நான் நிறுத்தியதில் அவர் ஏறினால் கிளட்ச் அடுத்த தெருவில் இருக்கும். எட்டு ஆண்டுகளாக இதே இழுபறி. அடுத்த கார் வாங்க ஷோரூம்களில் ஏறி இறங்கியபோதுதான், எந்த வசதிக்குப் பணம் கொடுக்கலாம், எதை ஒரு மெத்தையை வைத்துச் சமாளிக்கலாம் என்று ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தோம். விற்பனையாளர் தொடுதிரை எத்தனை அங்குலம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் சீட்டுக்கு அடியில் கையை விட்டு லீவரைத் துழாவிக்கொண்டிருந்தோம்.

வசதிகளுக்கு முன்னால் உட்காரும் முறையைப் பற்றியே ஒரு பஞ்சாயத்து இருக்கிறது. நம் சாலைகளில் இரண்டு கட்சிகள். முதல் கட்சி ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்து ஓட்டுகிறது. பெரும்பாலும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வந்த பழக்கம் இது: ‘பானெட்டின் முனை தெரிகிறதா? தெரியவில்லையா, இன்னும் முன்னால் வாங்க.’ இரண்டாவது கட்சி சாய்வு நாற்காலியில் கிடப்பதுபோல் கிடந்து, நீட்டிய ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கின் உச்சியைப் பிடித்துக்கொண்டு நெடுஞ்சாலையில் பறக்கிறது. என் மனைவி முதல் கட்சி. நான், வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன், இரண்டாவது.

முதல் கட்சிக்கு எதிரி ஏர்பேக், அதாவது மோதும்போது ஸ்டீயரிங்கிலிருந்து வெடித்து விரியும் காற்றுப்பை. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவான நேரத்தில் விரிந்தால்தான் அது உயிரைக் காக்கும். மார்பு அதன் வாயருகே இருந்தால் அந்த வேகமே அடியாக விழும். 1990களில் அமெரிக்காவில், மெதுவான மோதல்களில்கூட, ஸ்டீயரிங்கை ஒட்டி உட்கார்ந்திருந்த உயரம் குறைந்த ஓட்டுநர்கள் சிலர் ஏர்பேக் தாக்கியே இறந்துபோனார்கள். அங்குள்ள சாலைப் பாதுகாப்பு அமைப்பு சொல்லும் அளவு இது: ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் மார்பெலும்புக்கும் இடையே குறைந்தது 10 அங்குலம், அதாவது 25 செ.மீ. தையல் மெஷின் பெட்டியில் இருந்த இஞ்ச் டேப்பை எடுத்து வந்து அளந்தோம். மனைவிக்கு 20 செ.மீ. இருந்தது. அன்று மாலை முழுவதும் வீட்டில் வேறு பேச்சு இல்லை.

சாய்ந்து ஓட்டும் என் கட்சிக்கு நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஸ்வீடனின் எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாச்செம்சன் 1960களில் உயிருள்ளவர்களின் முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட, முதுகுக்குத் தாங்கல் இல்லாமல் உட்காரும்போது அழுத்தம் அதிகம். முதுகைப் பின்னால் சாய்த்து, இடுப்பு வளைவுக்கு அணை கொடுத்தால் குறைகிறது என்பதைப் பின்னால் வந்த அளவீடுகள் காட்டின. ஆக, முதுகு ‘சாய்’ என்கிறது. சீட் பெல்ட் ‘சாயாதே’ என்கிறது. சாய்ந்து கிடப்பவரின் மார்பைவிட்டு பெல்ட்டின் மேல்பட்டை விலகி நிற்கும். மோதும்போது உடல் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கி முன்னால் போகும். இடுப்பெலும்பைப் பிடிக்க வேண்டிய கீழ்ப்பட்டை வயிற்றை அறுக்கும். எலும்பு தாங்கும் அடியைக் குடல் தாங்காது.

இந்த வழக்கில் சமரசத் தீர்ப்பு 100 முதல் 110 பாகை வரையிலான சாய்வு. பாகைமானியெல்லாம் வேண்டாம். இரண்டு தோள்களும் முதுகுப்பலகையில் ஒட்டியிருக்க, கையை நேராக நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங் வளையத்தின் உச்சியில் படிய வேண்டும். விரல் நுனி மட்டும் தொட்டால் தூரம் அதிகம். முழங்கைக்கு அருகே பட்டால் நெருக்கம் அதிகம். காலுக்கும் ஒரு சோதனை உண்டு: கிளட்சைத் தரைவரை மிதித்த பிறகும் முழங்காலில் கொஞ்சம் மடிப்பு மிஞ்ச வேண்டும். கிளட்ச் இல்லாத தானியங்கி வண்டியில் அதே சோதனையைப் பிரேக்கை அழுத்தி மிதித்துச் செய்யலாம்.

இனி வசதிகளுக்கு வருகிறேன். முதல் போட்டி மெத்தைக்கும் சீட்டின் உயரத்தை மாற்றும் லீவருக்கும். உயரம் குறைந்தவர்கள் எல்லோரும் முதலில் தேடுவது மெத்தையைத்தான். விலை குறைவு, எந்த வண்டிக்கும் பொருந்தும், போட்டதும் சாலை தெரியும். மனைவியும் மூன்று ஆண்டுகள் தடித்த பஞ்சு மெத்தை ஒன்றில் உட்கார்ந்து ஓட்டினார். அதன் குறை ஓட்டும்போது தெரியாது, மோதும்போதுதான் தெரியும். மிருதுவான மெத்தை அமுங்கும். கட்டப்படாத மெத்தை நழுவும். இரண்டும் சேர்ந்தால், மேலே சொன்ன வழுக்கல் நிமிர்ந்து உட்கார்ந்தவருக்கும் நடக்கும். மெத்தை உடலை உயர்த்துகிறதே தவிர முதுகுப்பலகையையோ தலைத்தாங்கியையோ உயர்த்துவதில்லை. இடுப்புக்கு இருந்த அணை இடுப்புக்குக் கீழே போய்விடுகிறது, தலைத்தாங்கி கழுத்தளவுக்கு இறங்கிவிடுகிறது. முதுகுக்குப் பின்னால் செருகும் தலையணை இன்னும் மோசம். அது ஆளை ஏர்பேக்கை நோக்கித் தள்ளுகிறது.

லீவர் சீட்டை மொத்தமாகத் தூக்குகிறது. உடலும் சீட்டும் பிரிவதில்லை, நழுவுவதற்கு எதுவும் இல்லை. ஆனால் வாங்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: சில மலிவான அமைப்புகளில் சீட்டின் பின்பாதி மட்டும் உயரும், தொடை சரிந்து, நாற்காலியின் விளிம்பில் தொற்றிக்கொண்டிருப்பது போலிருக்கும். பல கார்களில் சீட் மேலே போகும்போது வளைவாகக் கொஞ்சம் முன்னாலும் போகும். அதனால் உயரத்தை மாற்றினால் தூரத்தை மறுபடி பார்க்க வேண்டும். எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்குக் குதிகால்தான் எல்லை. பிரேக்கில் கால் வைக்கும்போது குதிகால் தரையில் ஊன்றவில்லையென்றால் ஏற்றியது போதும், இறக்குங்கள். உயரமானவர்கள் உச்சந்தலைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு முஷ்டி நுழைகிறதா என்று பார்த்துக்கொண்டால் சரி. என் தீர்ப்பு தெளிவு: அடிப்படை வகையில் லீவர் இல்லையென்றால் அடுத்த வகைக்குப் போங்கள். பணம் போதாதென்றால் அலாய் சக்கரத்தை விட்டுவிடுங்கள், வண்டி உருளத்தான் செய்யும்.

லீவரால் மனைவியின் சிக்கல் முழுதாகத் தீரும் என்றுதான் நம்பியிருந்தேன். தீரவில்லை. ஷோரூமில் சீட்டை நன்றாக உயர்த்தினோம், சாலை பிரமாதமாகத் தெரிந்தது. டேப்பை வைத்தால் அதே 20 செ.மீ. காரணம் எளிது. சீட் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கால் முடிவு செய்கிறது. கால் குட்டையாக இருந்தால் மார்பும் கூடவே ஸ்டீயரிங்கிடம் போய்விடுகிறது. முதுகுப்பலகையை ஒரு படி பின்னால் சாய்த்ததில் 2 செ.மீ. கிடைத்தது. அதற்கு மேல் சாய்த்தால் என் கட்சியில் சேர வேண்டியதுதான்.

உண்மையான போட்டி இங்கேதான் என்று அப்போது புரிந்தது: மேலும் கீழும் மட்டும் அசையும் ஸ்டீயரிங்குக்கும், முன்னும் பின்னும் கூட நகரும் ஸ்டீயரிங்குக்கும். விளம்பரத் தாளில் முதலாவது ‘டில்ட்’, இரண்டாவது ‘டெலிஸ்கோபிக்’. முதலாவதைப் பல கார்களில் பார்க்கலாம். அதைக் கீழே இறக்கினால் ஏர்பேக்கின் முகம் ஓட்டுநரின் முகத்தைப் பார்க்காமல் மார்பைப் பார்க்கும். நல்லதுதான், ஆனால் தூரம் மாறாது. இரண்டாவது தூரத்தையே மாற்றுகிறது. மனைவிக்காக ஸ்டீயரிங்கை உள்ளே தள்ளினோம்: 26 செ.மீ. எனக்காக வெளியே இழுத்தோம். அப்போதுதான் என் சாய்வு வியாதியின் மூலமும் தெரிந்தது. நீண்ட காலுக்காகச் சீட்டைப் பின்னால் தள்ளுவேன், கைக்கு ஸ்டீயரிங் எட்டாது, தோளைப் பலகையிலிருந்து பிரித்து முன்னால் குனிவேன், முதுகு வலிக்கும், மறுபடி சாய்வேன். ஸ்டீயரிங் நான்கு விரற்கடை என்னை நோக்கி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன், யாரும் அதட்டாமலே. ஒரே கார், இரண்டு உயரம் என்ற வீட்டில் லீவருக்கு அடுத்து நான் காசு கொடுப்பது இதற்குத்தான். இதைப் பின்னால் கடையில் மாட்டிக்கொள்ள முடியாது. மெத்தையைப் போல மாற்றுவழியும் கிடையாது.

மின்சார சீட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கைப்பிடியில் ஒவ்வொரு பல்லாகத் தாவும் இடத்தில் இது மயிரிழை மயிரிழையாக நகரும். ஒவ்வொருவரின் சீட் நிலையையும் நினைவில் வைத்துக்கொள்ளும் நினைவகப் பொத்தான் இருந்தால் எங்களைப் போன்றவர்களுக்குச் சுகம்தான். நினைவகம் இல்லாத மின்சார சீட் எங்களுக்குக் கைப்பிடியைவிடத் தொல்லை. ஒவ்வொரு முறையும் ஊர்ந்து போய் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். கைப்பிடிச் சீட்டில் ஒரு கவனம் வேண்டும்: நகர்த்திய பின் உடலை முன்னும் பின்னும் ஒருமுறை உந்தி, ‘டக்’கென்று பூட்டியதா என்று பார்க்க வேண்டும். ஓடும் வண்டியில் நகர்த்தவே கூடாது.

கடையில் விற்கும் சில்லறைச் சாமான்களில் மரமணி விரிப்பு வியர்வைக்கு நல்லது, ஆனால் வழுவழுப்பானது. இடுப்புக்குச் சுருட்டி வைத்த மெல்லிய துண்டு விலை உயர்ந்த அணைகளுக்குச் சளைத்ததில்லை. கழுத்துத் தலையணையை ஓட்டுநர் சீட்டில் மாட்டாதீர்கள். தலைத்தாங்கியின் மேல்விளிம்பு உச்சந்தலை மட்டத்தில், தலைக்குப் பின்னால் நான்கு விரலுக்கு மேல் இடைவெளி இல்லாமல் இருந்தால் போதும். பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள்ளேயே இருக்கும் கார்களில் சாதாரணத் தடித்த சீட் உறை அது விரியும் வழியை அடைத்துவிடும். அதற்கென்றே தைத்த உறையைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியில் லீவரும் நகரும் ஸ்டீயரிங்கும் உள்ள வகையை, கூரைக் கண்ணாடி இல்லாமல் வாங்கினோம். நினைவகப் பொத்தானுக்குப் பணம் போதவில்லை. பழைய காரில் மனைவி செய்திருந்த ஏற்பாட்டையே புதியதிலும் செய்தார்: சீட்டின் பக்கத்து பிளாஸ்டிக்கில் நகப்பூச்சால் இரண்டு புள்ளிகள், சிவப்பு அவருக்கு, ஊதா எனக்கு. பழைய வண்டியை வாங்க வந்தவர் என்ஜின், டயர், பேட்டரி எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, அந்தப் புள்ளிகளைக் காட்டி இது என்ன கீறலா என்று கேட்டு ஐந்நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார்.