மேசை என்.எம்.ஆரா, ஐ.ஆர் புரோபா, எச்.பி.எல்.சியா? வினையைக் கண்காணிக்க எது தோது

வேதிவினை எவ்வளவு நடந்திருக்கிறது என்று பார்க்க, மேசைமேல் வைக்கும் சின்ன என்.எம்.ஆர் (காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையை வைத்து மூலக்கூறை அடையாளம் காணும் கருவி) உண்டு. அதைப் பலரும் 400 மெகாஹெர்ட்ஸ் கருவியோடுதான் ஒப்பிடுகிறார்கள். அதில் அது தோற்கத்தான் செய்யும்: சின்னதின் 60 மெகாஹெர்ட்ஸுக்குக் காந்தப்புலம் 1.4 டெஸ்லா, பெரியதின் 400-க்கு 9.4 டெஸ்லா, உணர்திறனில் கணக்குப்படி சுமார் 17 மடங்கு வித்தியாசம். ஆனால் பெரிய கருவி காந்தத்தைக் குளிர்விக்கும் ஹீலியத்தோடு தனி அறையில் கிடக்கும். சின்னதில் இருப்பது நிரந்தரக் காந்தம், வினை நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்து, பம்ப் போட்டு மெல்லிய டெஃப்லான் குழாய் வழியாகக் கலவையைச் சுற்றவிடலாம். அதனால் அதன் உண்மையான போட்டி ஐ.ஆர் புரோபும் (கலவைக்குள் விட்டு அகச்சிவப்பு நிறமாலை எடுக்கும் கோல்) எச்.பி.எல்.சியும்தான் (மாதிரியிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கருவி).

எத்தனாலும் அசிட்டிக் அமிலமும் சேர்ந்து எத்தில் அசிட்டேட் ஆகும் வினையையே பாருங்கள். என்.எம்.ஆரில் எத்தனாலின் சிஎச்2 பீக் சுமார் 3.6 பிபிஎம்மில் (நிறமாலையில் பீக் நிற்கும் இடத்தைச் சொல்லும் அலகு), எஸ்டரின், அதாவது எத்தில் அசிட்டேட்டின், சிஎச்2 4.1-இல். 60 மெகாஹெர்ட்ஸில் இந்த அரை பிபிஎம் வெறும் 30 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு குவார்ட்டெட்டும் (நான்காகப் பிளந்த பீக்) 21 ஹெர்ட்ஸ் அகலம், ஆக இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் மயிரிழையில் தப்பிக்கின்றன. அது போதும்! இரண்டின் பரப்பை எடுத்து விகிதம் போட்டால் எத்தனை சதவீதம் மாறியிருக்கிறது என்று நேரே வந்துவிடும், அளவுத்திருத்தக் கோடு (தெரிந்த செறிவுகளை அளந்து போடும் ஒப்பீட்டுக் கோடு) எதுவும் போட வேண்டாம். எனக்கு இந்தக் கருவி பிடித்ததே இதனால்தான். ஆனால் அதே கலவையில் அமிலத்தின் சிஎச்3-யும் எஸ்டரின் சிஎச்3-யும் 0.1 பிபிஎம்கூட விலகாமல் ஒட்டிக்கிடக்கும், 80 மெகாஹெர்ட்ஸுக்குப் போனாலும் அவற்றைப் பிரிப்பது சிரமம்.

ஐ.ஆரில் இதே வினைக்கு அமிலத்தின் கார்பனைல் (C=O) பீக் 1710 செ.மீ⁻¹ பக்கம், எஸ்டருடையது 1740 பக்கம், சில நொடிக்கு ஒரு நிறமாலை. வேகத்தில் அதை அடிக்க முடியாது, கிரிக்னார்ட் வினை கிளம்பிவிட்டதா, வினைபடுபொருளான ஐசோசயனேட் தீர்ந்துவிட்டதா போன்ற கேள்விகளுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு ஐ.ஆரைத்தான் சொல்வேன். உறுத்துவது அளவுத்திருத்தம்தான், புது வினை என்றால் அந்த வேலையை முதலிலிருந்து செய்யவேண்டும். எச்.பி.எல்.சி 0.1 சதவீத மாசையும் பிடிப்பதற்கு. அதற்கு மாற்றே இல்லை, ஆனால் மாதிரியை எடுத்து வினையை நிறுத்தும்போதே நிலையற்ற இடைப்பொருள் செத்துப்போகும்.

மேசைக் கருவியில் ஆளை ஏமாற்றுவது குழாயின் ஓட்டம். புரோட்டான்கள் காந்தத்துக்குள் கொஞ்ச நேரம் இருந்தால்தான் முழுதாகக் காந்தமேறும், பம்பை வேகமாக ஓட்டினால் பாதியிலேயே வெளியே போய்விடும். இதில் எல்லாப் பீக்கும் ஒரே அளவு குறைந்தால் பரவாயில்லை, டி1 (காந்தமேற ஆகும் நேரத்தின் அளவு) நீளமானது அதிகம் குறையும், அப்புறம் நீங்கள் நம்பிய விகிதமே தப்பாகிவிடும். எனவே முதலில் ஓட்டத்தை நிறுத்தி ஒரு அளவு, ஓடவிட்டு ஒரு அளவு எடுத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வீழ்படிவு, குமிழி, பாராமேக்னடிக் உலோகம் (காந்தத்தால் ஈர்க்கப்படுவது) எல்லாம் பீக்கை அகலப்படுத்திவிடும். சூடான கலவை குழாயில் ஆறி உப்பு படிந்தால் அடைப்பு வேறு.

மேசைக் கருவிக்கு டியூட்டீரியக் கரைப்பான் (சாதா ஹைட்ரஜனுக்குப் பதில் கன ஹைட்ரஜன் உள்ளது) தேவையில்லை என்பது பெரிய சேமிப்பு, ஆனால் கரைப்பானின் பீக்கை அமுக்கும்போது பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து அமுங்கும். மூலக்கூறில் ஃபுளோரின் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், 19எஃப் (ஃபுளோரினின் அணுக்கரு) பாருங்கள்: பீக்குகள் தள்ளித்தள்ளி நிற்கும், வழக்கமான கரைப்பான்கள் குறுக்கே வராது.

கருவியை விற்க டெமோவுக்கு வருகிறவர்கள் தாங்கள் கொண்டுவந்த தூய மாதிரியைத்தான் ஓட்டிக் காட்டுவார்கள். உங்கள் வினைக்கலவையை, உங்கள் செறிவில், பாதி வினை முடிந்த நிலையில் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள்.