வெடித்த டிரெய்லர் டயர்: ஜாக்கியா, சாய்கட்டையா?

அமெரிக்க இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையில் கேம்பிங் டிரெய்லர் இழுத்துப் போகும்போது அதன் டயர் வெடித்துவிட்டது. பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், வேகம் தானாகக் குறையவிட்டு ஓரம் கட்டியாயிற்று. இனி டிரெய்லரை எப்படித் தூக்குவது?

ஒரு பக்கத்தில் இரண்டு சக்கரம் உள்ள டிரெய்லர் என்றால் என் ஓட்டு சாய்கட்டைக்குத்தான், அதாவது சக்கரம் ஏறி நிற்கும் சரிவான கட்டைக்கு. நல்ல சக்கரத்துக்கு முன்னால் கட்டையை வைத்து வண்டியை மெதுவாக நகர்த்தினால் அந்தச் சக்கரம் மேலே ஏறும், வெடித்த சக்கரம் அந்தரத்தில் தொங்கும். டிரெய்லருக்கு அடியில் தலையைக் கொடுக்க வேண்டியதில்லை. ஏற்றுவதற்கு முன்பே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். சக்கரம் தொங்கிய பிறகு தளர்த்தப் போனால் அது சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். (அனுபவம்தான்!)

ஒற்றை அச்சு டிரெய்லருக்கு (பக்கத்துக்கு ஒரே சக்கரம்) ஜாக்கியை விட்டால் வழியில்லை. காரோடு வந்த ஜாக்கிக்குப் பல சமயம் உயரம் போதாது. அச்சுக்குழாயில் வைத்தால் அது வளையலாம், தயாரிப்பாளர் சொன்ன இடத்தில்தான் வைக்க வேண்டும். மண் இளகியிருந்தால் கீழே ஒரு தடிப்பலகை.

எப்படித் தூக்கினாலும் டிரெய்லரை வண்டியிலிருந்து கழற்றாதீர்கள், மறுபக்கச் சக்கரங்களுக்கு உருளாமல் அடைக்கட்டை கொடுங்கள். லாரிகள் உரசிக்கொண்டு போகும் பக்கம் வெடித்திருந்தால் இரண்டுமே வேண்டாம். சாலையோரத் தடுப்புக்கு அப்பால் நின்று உதவி வண்டியைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், ஒரு பக்கத்தில் இரண்டு சக்கரம் என்றால் பக்கத்து டயரையும் பாருங்கள். கொஞ்ச தூரம் அந்தப் பக்கத்து எடை முழுவதையும் அதுதான் சுமந்திருக்கும்.