பூனை எங்கே என்று எழுத்து சொல்லவில்லை

மட்டக்களப்பு நகரில் சென்ற மாதம் வாங்கிய, தமிழில் மொழிபெயர்க்கப்பட்ட ஒரு படக்கதைப் புத்தகத்தை, கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் என் ஐந்து வயது மகளுக்கும் பக்கத்து வளவுச் சிறுவனுக்கும் எத்தனை முறை வாசித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. கதை சிறியது. ஒரு சிறுமியின் வீட்டுக்கு வகுப்புத் தோழன் விளையாட வருகிறான். அவன் புறப்படும்போது வீடு வீடாக இல்லை.

சிரிப்பு முழுவதும் சொல்லுக்கும் படத்துக்கும் இடையிலே இருக்கிறது. 'நாங்கள் சமைத்து விளையாடினோம்' என்று சிறுமி மிக அடக்கமாகச் சொல்லும் பக்கத்தில், குசினித் தரையெங்கும் கோதுமை மா, அதன்மேல் பூனையின் காலடிகள், அலுமாரியின் மேல்தட்டில் ஒற்றைச் செருப்பு. பூனை எங்கே போயிற்று என்பதை எழுத்து சொல்வதில்லை. அடுத்த பக்கத்துத் திரைச்சீலையின் பின்னால் மா படிந்த வால் ஒன்று தொங்குவதை, இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள் முதல் வாசிப்பிலேயே கண்டுவிட்டார்கள். எனக்கு மூன்றாம் வாசிப்பில்தான் தெரிந்தது.

பெருந்தாளை மடித்து வெட்டும் அச்சு முறையால் படக்கதைகள் பெரும்பாலும் 32 பக்கங்களுக்குள் அடங்கிவிடும். இதுவும் அப்படித்தான் என்றாலும், பக்கம் புரட்டும் இடங்களை ஓவியர் நன்கு அறிந்து பயன்படுத்தியிருக்கிறார். 'பிறகு குளியலறைக்குப் போனோம்' என்று வலப்பக்கம் முடிந்ததும் இரண்டு பிள்ளைகளும் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள்.

இடறுவது மொழிபெயர்ப்புத்தான். 'விளையாட்டுச் சந்திப்பு' என்று வாசித்ததும், "கிரிக்கெட் மேட்ச்சா மாமி?" என்று சிறுவன் கேட்டான். பெற்றோர் முன்கூட்டியே நாள் குறித்துப் பிள்ளைகளை விளையாட விடுவது கதை நடக்கும் நாட்டு வழக்கம். கேளாமலே கடப்படியைத் திறந்துகொண்டு வந்து நிற்கும் எங்கள் பிள்ளைகளுக்கு 'விளையாட வந்தான்' என்றாலே போதும். குளிர்சாதனப்பெட்டி என்ற சொல்லையும் நான் வாசிக்கும்போது ஃபிரிட்ஜ் என்றே மாற்றிக்கொள்கிறேன்.

புத்தகத்தின் கட்டும் திருப்தியில்லை. கம்பி அடித்த நடுப்பக்கங்கள் இரண்டு கிழமைக்குள் கழன்றுவிட்டன. 1,200 ரூபாய்க்கு நூல் தைத்த கட்டை எதிர்பார்த்தேன்.

இருந்தும் கடைசிப் படத்துக்காக வாங்கலாம். சிதறிய வீட்டின் நடுவே தாய் ஆறிப்போன கோப்பியுடன் அமர்ந்திருக்க, 'நாளைக்கும் வரலாமா?' என்று தோழன் கேட்கிறான். அதை நான் "மறுகா வரட்டா மாமி?" என்று எங்கள் பேச்சில் வாசித்தேன். பக்கத்து வளவுச் சிறுவன் படத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.