ஆய்வாளரை எண்ணிக் காட்டும் சேவை: ஓராண்டு பயன்படுத்திய பின்

எங்கள் துறை சென்ற ஆண்டு சந்தா கட்டிப் பெற்ற ஆய்வு மதிப்பீட்டு இணையச் சேவையைப் பற்றியது இம்மதிப்புரை. நான் சொல்லவிருக்கும் குறைகள் இவ்வகைச் சேவைகள் பலவற்றுக்கும் பொதுவானவை என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். உள்நுழைந்தால் ஒவ்வோர் ஆய்வாளருக்கும் ஒரு பக்கம் திறக்கிறது. கட்டுரைகளின் எண்ணிக்கை, அவை பெற்ற மேற்கோள்கள் (பிறர் தம் கட்டுரைகளில் அவற்றைச் சுட்டிய தடவைகள்), அவற்றிலிருந்து கணக்கிடும் எச்-இண்டெக்ஸ் என்னும் குறியீடு, இதழின் தாக்கக் காரணி எல்லாம் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் அங்கே அணிவகுத்து நிற்கின்றன.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தேடல் வேகமானது. என் கட்டுரையை எவரேனும் மேற்கோள் காட்டினால் ஓரிரு நாளில் மின்னஞ்சல் வந்துவிடுகிறது. அப்படி வந்த ஒன்றின் வழியாகத்தான், எட்டாண்டுகளுக்கு முன் நான் பாதியில் கைவிட்ட ஒரு கணக்கீட்டு முறையை வேறொரு குழு செப்பனிட்டு முடித்திருப்பது எனக்குத் தெரியவந்தது. இந்த வசதிக்காக மட்டுமே சந்தாவில் பாதியைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

சிக்கல் என் பெயரிலேயே தொடங்கியது. சில இதழ்களில் என் முதலெழுத்து பெயருக்கு முன்னும், சிலவற்றில் பின்னும் அச்சாகியிருந்ததால் சேவை என்னை இரண்டு ஆட்களாகப் பிரித்துவிட்டது. ஒருவருக்கு எச்-இண்டெக்ஸ் ஆறு, மற்றவருக்கு மூன்று. ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும், பதினாறு இலக்கங்கள் கொண்ட ஆர்சிட் எண்ணை இணைத்த பிறகே இருவரும் ஒருவரானோம், குறியீடு ஏழாயிற்று. புதிதாக ஒரு வரிகூட எழுதாமல் நான் ஒரு படி உயர்ந்த அந்த வாரத்தில், ‘வளர்ச்சி’ என்ற கட்டத்தில் பச்சை அம்புக்குறி ஒன்றும் முளைத்திருந்தது.

ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்த இக்குறியீட்டின் கணக்கு எளிது: தலைக்குப் பத்து மேற்கோளாவது பெற்ற பத்துக் கட்டுரைகள் இருந்தால் குறியீடு பத்து. ஆயிரமாயிரம் பேர் மேற்கோள் காட்டிய மூன்றே கட்டுரைகளை எழுதியவருக்கு அது மூன்றைத் தாண்டாது. கணக்கில் பிழையில்லை, அதை ஓர் ஆளின் உயரமாகப் படிப்பதுதான் பிழை.

இதைவிட மோசமானது நிறங்களின் வேலை. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இவ்வாண்டு சராசரியாக எத்தனை மேற்கோள் பெற்றன என்பதே தாக்கக் காரணி. அதைக் கொண்டு தனிக் கட்டுரைக்கு நிறம் பூசுவது, வகுப்பின் சராசரி மதிப்பெண்ணை ஒரு மாணவரின் விடைத்தாளில் எழுதித் தருவதற்குச் சமம். இதுவரை ஒருவரும் மேற்கோள் காட்டாத கட்டுரை ஒன்று எங்கள் துறையில் இதழின் தயவால் பச்சையாக மின்னுகிறது. தனி ஆய்வாளரை எடைபோட இந்த எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஆய்வு மதிப்பீடு பற்றிய சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2013-லேயே கேட்டுக்கொண்டது. அதில் கையொப்பமிட்ட பல்கலைக்கழகங்கள் ஏராளம். இச்சேவையிலோ அதுவே இயல்புநிலை அமைப்பு.

மூன்றாண்டுகள் உட்கார்ந்து நான் சுத்தம் செய்த தரவுத்தொகுப்பை நான்கு குழுக்கள் பயன்படுத்துகின்றன. நான்கும் கட்டுரையின் கடைசிப் பத்தியில் நன்றி சொல்கின்றன; நன்றிக்கு இங்கே கட்டமில்லை. பிறர் கட்டுரைகளுக்கு எழுதிய மதிப்பீட்டு அறிக்கைகள், மாணவரின் ஆய்வேட்டை வரிவரியாகத் திருத்திய மாலைகள் ஆகியவற்றுக்கும் இதே கதிதான். எதற்குக் கட்டமுண்டோ அதை நோக்கியே கை போகும் என்பதைத் தேநீர் இடைவேளையில் கேட்டேன்: ஒரே ஆய்வை மூன்று கட்டுரைகளாகப் பிரித்து அனுப்பலாமா என்று இளம் சக ஆய்வாளர் ஒருவர் கூச்சமில்லாமல் விசாரித்துக்கொண்டிருந்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய பணிநீட்டிப்பு அடுத்த ஆண்டு.

வாடிக்கையாளர் உதவிப் பிரிவு மரியாதையாகப் பதில் எழுதுகிறது. சந்தாவைப் புதுப்பிப்பதாக இருந்தால், தேடலையும் மேற்கோள் அறிவிப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு ஆய்வாளர்களை ஒப்பிடும் பக்கத்தை மூடிவிட வேண்டும் என்பது குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்த பரிந்துரை. நிறங்களை அணைக்க வழியிருக்கிறது: அமைப்புகளில் மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு சிறு பெட்டி. அதைத் தேடிப் பிடித்து அணைத்துவிட்டேன். என் திரை இப்போது கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. துறைத்தலைவரின் திரையில் நிறங்கள் அப்படியே இருக்கின்றன.